ஓட்டப் புத்தகம் வாங்கிய கணக்கு வாத்தியார்

ஓட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை, விசுவமடுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு தவணை முழுக்க மறைத்து வைத்திருந்தேன்.

நான் கணித ஆசிரியர். வயது இருபத்து நான்கு. ஆசிரியர்களில் இளையவன் என்ற ஒரே தகுதிக்காக அதிபர் விளையாட்டுப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார். (விசில் ஊதுவதுதான் வேலை என்று நம்பி நானும் தலையாட்டிவிட்டேன்.)

வில்லங்கம் தவமலரால் வந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளை. மாவட்டப் போட்டியில் மூவாயிரம் மீற்றர் ஓடி முதலாவதாக வந்துவிட்டு, மறுநாளே என் முன்னால் வந்து நின்றாள்.

"சேர், மாகாணப் போட்டிக்கு ரெண்டு மாசம் கிடக்கு. நாளுக்கு எவ்வளவு ஓட வேணும்?"

"ஏலுமான அளவு ஓடு."

"அப்ப எப்ப ஆறுறது சேர்?"

"களைச்சாப் பிறகு."

அவள் பார்த்த பார்வையில் என் மரியாதை பாதியாகக் குறைந்தது.

அந்த மாதம் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக, போர்க்காலத்துப் பயண அனுமதியான பாஸ் எடுத்து, இராணுவத்தின் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் போனோம். அம்மாவை ஆஸ்பத்திரி வாட்டில் விட்டுவிட்டுப் புத்தகக்கடைக்குப் போனேன். மூன்று புத்தகங்கள் அகப்பட்டன. ஒன்று, வழுவழுப்பான படங்களோடு பெரிய வீரர்களின் கதை. தவமலரின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அடுத்தது, உடற்பயிற்சியால் தீராத நோயே இல்லை என்றது. ஓட்டத்துக்கு ஒரு பக்கம்தான் கொடுத்திருந்தது. கடைசியாக ஒரு மெல்லிய, அழகில்லாத ஆங்கிலப் புத்தகம். எந்த நாள் எத்தனை நிமிடம், எப்போது மெதுவாக, எப்போது ஓய்வு என்று பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்? வாங்கிவிட்டேன். சரியான தெரிவுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரி விறாந்தையில் குந்தியிருந்து, சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு, ஓரங்களில் "தவமலர், விடிய 5.30, குளக்கட்டு" என்றெல்லாம் எழுதித் தள்ளினேன்.

திரும்பும் வழியில் இராணுவச் சோதனைச்சாவடியில் என் பையைக் கொட்டினார்கள். அட்டையில் 'ட்ரெயினிங்' என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. உள்ளே வரிசை வரிசையாக எண்கள். ஓரத்தில் பெயர், நேரம், இடம். நானே சிப்பாயாக இருந்தாலும் போராளிகளுக்கான பயிற்சி என்றுதான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அதிகாரி ஒருவர் வந்தார். கொஞ்சம் தமிழ் பேசினார்.

"என்ன ட்ரெயினிங்? யாருக்கு?"

"ஓட்டம் சேர். ஸ்கூல் பிள்ளைக்கு. நான் ஸ்போர்ட்ஸ் மாஸ்டர்."

அவர் என் விலா எலும்புகளை எண்ணுவதுபோலப் பார்த்தார்.

"நீ ஸ்போர்ட்ஸ் மாஸ்டர்? அந்த மரம் வரைக்கும் ஓடு. திரும்பி வா."

சோதனைச்சாவடியில் ஓடுவதைப்போல ஆபத்தான வேலை அந்தக் காலத்தில் இல்லை. ஓடு என்று சொன்னபின் நிற்பதும் ஆபத்து. ஓடினேன். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. ஒரு காலால் ஓடி, மறுகாலை இழுத்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டுத் திரும்பினேன்.

பெண்களைச் சோதிக்கும் கொட்டிலுக்குள் இருந்து அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே வந்தார். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணுக்கு மகன் ஓடுவது மட்டும் தெரிந்தது.

"ஐயா, சுட்டுப் போடாதேங்கோ!" என்று கத்தினார். "அவன் தப்பி ஓடேல்லை! அவன் ஓடுறதே உப்பிடித்தான்!"

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. அதிகாரிக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிலத்தில் குந்தியிருந்து இரைத்துக்கொண்டிருந்த என் கையில் புத்தகத்தைத் தந்தார்.

"மாஸ்டர், முதல்ல நீங்க படிக்க வேணும்."

பஸ்ஸில் ஏறி இருந்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அம்மா ஒற்றைக் கண்ணால் முறைத்தார். "ஓடுறதுக்கும் புத்தகமோடா?" என்றவர், என் கையை வீடு வரும்வரை விடவில்லை.

தவமலர் அந்த அட்டவணையை ஒரு நாள் தவறாமல் பின்பற்றி மாகாணத்தில் மூன்றாவதாக வந்தாள். நான் விசில் ஊதினேன்.

இன்றைக்கும் பஸ்ஸைப் பிடிக்க நான் நாலு எட்டு விரைந்தால் போதும். பின்னால் வரும் என் மகள் தெருவுக்கே கேட்கக் கத்துவாள்:

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ, அப்பா ஓடுறதே உப்பிடித்தான்!"