தட்டு மாற்றிய பங்காளி மாஸ்டர்

எங்கள் கல்லூரி விளையாட்டு மாஸ்டருக்கு ஓட வராது, விசில் ஊதினால் காற்றுதான் வரும். ஆனால் எந்தக் கல்லூரி எந்தப் போட்டி மண்டலத்திலிருந்து பிரிந்து எதில் போய் ஒட்டிக்கொண்டது என்ற வம்சாவளியை அவரைப் போல ஒப்பிக்க இந்தப் பூமியில் ஆள் கிடையாது.

ஒரே மண்டலத்திலிருந்து பிரிந்த கல்லூரிகள் அவருக்குப் பங்காளிகள், மற்றவை சம்பந்திகள். அதனால்தான் அவர் பங்காளி மாஸ்டர். ஒருமுறை பங்காளிக் கல்லூரி ஒன்று தன் கபடி அணியைக் கலைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எங்கள் பயிற்சியையே நிறுத்திவிட்டார்.

"பங்காளி வூட்டுத் தீட்டுபா. கழியற வரைக்கும் மைதானத்துல கால வெக்காதீங்க."

அறுபதுகளின் கடைசியில், நான் கபடி அணித் தலைவனாக இருந்த என் கடைசி வருஷம் பார்த்து, எங்கள் மண்டலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பாகப்பிரிவினையில் எங்கள் கல்லூரி இருந்த காஞ்சிபுரத்தை மறந்தேபோனார்கள். வடக்கைக் கேட்டால் தெற்கு என்றது. தெற்கைக் கேட்டால் வடக்கு என்றது. மண்டலம் இல்லையென்றால் ஆட்டமே இல்லை. முசரவாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் பயிற்சிக்கு வந்தவன் நான், நேரே மாஸ்டரிடம் போய் நின்றேன்.

"இன்னா சார், ஒரு ஆட்டம்கூட ஆடாம போவ வேண்டியதுதானா?"

"அழுவாதடா. வூட்ல பொண்ணு இருந்தா நாமதான் நாலு எடம் போய்ச் சொல்லணும். சட்டைய மாத்திக்கினு வா."

செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினோம். மாஸ்டர் மடியில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், பூ. பக்கத்து சீட்டு அம்மாள், "பொண்ணு யாருப்பா?" என்றாள். மாஸ்டர் மீசை வைத்த என்னைக் காட்டினார்.

தெற்கு மண்டலச் செயலாளர் வீட்டிலேயே இருந்தார். காஞ்சிபுரத்துக்காரர் தட்டோடு வந்தால் கோயில் பிரசாதம்தான் என்று அவரே முடிவு கட்டி, எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எந்தக் கோயிலுதுங்க?"

"கோயிலுது இல்லீங்க. தட்டு கைமாறிடுச்சு. இனிமே எங்க கபடி டீமு உங்க மண்டலத்து மருமக."

செயலாளர் தட்டைத் திருப்பி நீட்டினார். "இன்னா சார் இது! கமிட்டி கூடணும், ரூல்ஸு இருக்குது..."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். "ஐயோ, வாங்குன தட்டத் திருப்பாதீங்க. நம்ம வூட்லயும் பொண்ணு இருக்குது!"

அதற்கு மேல் எந்தக் கமிட்டி என்ன செய்யும்? சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் ஆட்டத்திலேயே செமத்தியாகத் தோற்றோம். தலையைத் தொங்கப்போட்டு வந்த என் முதுகு மண்ணை மாஸ்டர் துண்டால் தட்டிவிட்டார்.

"உடுறா. புகுந்த வூட்ல மொத நாளே மாமியார அடிச்சா நல்லாவா இருக்கும்? அடுத்த ஆட்டம்தான் இருக்குதே!"

இருந்தது. அந்த மனுஷன் வாங்கிக் கொடுத்த ஆட்டம் அது. பின்னாளில் என் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்ற, அப்பாவுக்குப் பக்கத்தில் அவரைத்தான் உட்காரவைத்தேன். வேறு யாரை உட்காரவைப்பேன்?