அரண்மனை போய் வந்த பாய்

மேல்நோக்கிப் பரிசு கொடுப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தங்கை மகன் கல்யாணத்துக்குக் கடையில் வாங்கிய பூப்போட்ட படுக்கை விரிப்பு. அடுத்த வாரமே பிரபு வீட்டுக் கல்யாணத்துக்கு, தேங்காய் போட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்த பன்றி. கேட்டால், "பேருக்காகவா செய்யறோம்?" என்பார்கள். கேட்காவிட்டாலும் என்பார்கள்.

பசிபிக் கடலில் இருக்கிற எங்கள் டோங்கா தீவுகளில் இந்த இனத்துக்கு நல்ல விளைச்சல். ராஜகுடும்பம் என்று இருந்தால் ராஜ கல்யாணம் வரும். ராஜ கல்யாணம் வந்தால் ஊர் ஊராகப் பரிசு கிளம்பும். முன்பு ஒரு கல்யாணத்துக்கு, மாதா கோயில் வாசலில் விரிக்கத் தொடங்கினால் படகுத்துறையில் போய் முடிகிற நீளத்துக்கு மரப்பட்டைத் துணி ஒன்று வந்தது. கரைத்துக் குடிக்கிற காவா வேர் ஒன்று, ஆறு ஆள் சுமந்து வந்தது. தள்ளுவண்டியில் மல்லாந்து படுத்தபடி ஊர்வலம் வந்த உயிருள்ள ஆமை ஒன்று. ரிப்பன் கட்டிய ஐஸ் பெட்டி ஒன்று. ஒரு தீவுக்காரர்கள் குதிரை கொண்டுவந்தார்கள். அது மணப்பந்தலின் பூவையெல்லாம் தின்றுவிட்டது. இத்தனையையும் வைத்துக்கொண்டு புதுத் தம்பதி என்ன செய்வார்கள்? வைத்துக்கொள்ள மாட்டார்கள். அரண்மனைக்கு வருவதெல்லாம் வந்தவர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்படும். யார் கொடுத்தது யாருக்குப் போகும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இது எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

செமிசிக்கும் தெரியும். ஆனால் அது மற்றவர்களின் பரிசுக்கு என்று நினைத்திருந்தார்.

செமிசியை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மரியாதைக்கு உடைமேல் இடுப்பில் பாய் சுற்றிக்கொள்வது எங்கள் வழக்கம்; ஊரில் எவர் கட்டுவதையும் விடத் தடித்த பாய் அவர் கட்டியிருப்பார். வீட்டுச் சுவரில் பிரபுக்களின் படங்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு காது தெரியும், அது செமிசியுடையது. எந்தச் சபையிலாவது பரிசுகளை அறிவிக்கும்போது, தன் முறை வருவதற்கு நாலு பேர் முன்பாகவே தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்பது கடைசி நேரத்தில் வருகிற சமாசாரமா? அதற்கும் ஒத்திகை வேண்டாமா?

இளவரசருக்குக் கல்யாணம் என்று வானொலி சொன்னதும், ஊர் கூடி வழக்கம்போலப் பன்றியும் பெருவள்ளிக் கிழங்கும் பட்டைத் துணியும் பொதுவில் சேர்த்தது. செமிசிக்கு ருசிக்கவில்லை. பொதுவில் போகிற பன்றிக்கு முகம் ஏது? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் படுக்கையின் மெத்தையைத் தூக்கினார்.

மெத்தைக்கு அடியில்தான் லோசேயின் பாய் இருந்தது. லோசே அவர் மனைவி. பாய் அவள் அம்மா வழியில் வந்தது. தாழை ஓலையைப் பட்டு நூல் போலக் கிழித்துப் பின்னியது. வயதாகித் தேன் நிறத்துக்கு வந்து, மடித்தால் துணி மாதிரி மடியும். ஓர் ஓரம் நைந்துபோனபோது லோசே அதைச் சிவப்புக் கம்பளி நூலால் தைத்திருந்தாள். அடுத்த மாதம் மகள் சேய்னிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வவாவு தீவுக்காரன். தாய் வீட்டுப் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு போகிற பெண்ணைப் புகுந்த வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வெறும் இடுப்போடு போகிறவளை வேறு மாதிரி பார்ப்பார்கள். இந்தப் பாய் சேய்னிக்கு என்று அவள் பிறந்த அன்றே முடிவானது.

"எங்கே தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் லோசே.

"அரண்மனைக்கு."

"அது சேய்னியோடது."

"யாரு இல்லைன்னா? லோசே, ஒண்ணு புரிஞ்சுக்கோ. அரண்மனை யார் கடனையும் வச்சுக்காது. இது ஒண்ணாப் போகும், திரும்பி வரும்போது ரெண்டா வரும். அதுவும் யார் கையால வரும்? நம்ம பொண்ணு அரண்மனைப் பாயைக் கட்டிக்கிட்டு நிப்பா."

"வரலைன்னா?"

"பேருக்காகவா நான் செய்யறேன்?" என்றார் செமிசி. கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். லோசே அன்று இரவிலிருந்து மெத்தை பள்ளமாக இருப்பதாக மட்டும் சொன்னாள்.

அரண்மனை மைதானத்தில் செமிசி தன் பாயை ஊர்க் குவியலின் உச்சியில், சிவப்பு நூல் வெளியே தெரிகிற மாதிரி வைத்தார். பன்றிகள் வெயிலில் பளபளத்தன. அவைப் பேச்சாளர் எழுந்தார். செமிசி தலையைக் குனிந்தார். பேச்சாளர் பிரபுவின் பெயரைச் சொன்னார், ஊரின் பெயரைச் சொன்னார், பன்றிகள், கிழங்குகள், துணிகள், "பாய்கள்" என்றார். சபை "மாலோ" என்று நன்றி சொன்னது. பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். செமிசி இன்னும் குனிந்தபடியே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

பங்கு பிரிக்கிற நாளில் அவருக்கு ஒரு பன்றித் தொடையும், கண்ணாடித் தாள் உறையில் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பும் கிடைத்தன. அவர் தன் தங்கை மகனுக்குக் கொடுத்திருந்த அதே பூ.

அதைப் பார்த்து லோசே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் செமிசிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இங்கேதான் இந்த இனத்தின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். அன்று மாலையே காவா வட்டத்தில் உட்கார்ந்து செமிசி அறிவித்தார்: "மத்ததெல்லாம் பிரிச்சுட்டாங்க. என் பாயை மட்டும் பிரிக்கலை. இளவரசர் தன்னோட அறையிலேயே போட்டுக்கிட்டார்னு கேள்வி."

வட்டத்தில் எல்லோரும் தங்கள் தங்கள் சிரட்டைக்குள் பார்த்தார்கள். பழைய பாய்கள் எங்கள் ஊரில் மனித முகம் மாதிரி. எது யார் வீட்டுடையது என்று எல்லோருக்கும் தெரியும். வரும் வழியில்தான் அந்தப் பாயைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அது கிலிஃபியின் வேலியில் மாலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

கிலிஃபி பக்கத்து வீட்டுக்காரர். இளவரசர் கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது ஒரு நோஞ்சான் பன்றி. ஆனால் குழியடுப்புக்குக் கல் அடுக்க ஆள் போதவில்லை என்றதும், மொறுமொறுப்பான தோல் முதலில் கிடைக்கிற இடம் அதுதான் என்று தெரிந்து, அங்கேயே டேரா போட்டுவிட்டார். கடைசியில் அடுப்புக்காரர்களுக்கென்று அரண்மனைப் பெண்கள் சில பாய்களை எடுத்துக் கொடுத்தார்கள். கிலிஃபிக்கு வந்தது லோசேயின் பாய்.

செமிசியின் கண்ணில் அது மறுநாள்தான் பட்டது; வேலியோரம் போய் நின்றார்.

"வாய்யா செமிசி. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான். இந்தப் பாய்..."

"நல்லா இருக்குல்ல? உன் பாய்க்கு முன்னாடி நிக்குமா? அது இளவரசர் அறையில கிடக்கு. நீதானே நேத்து சொன்னே."

செமிசி சிவப்பு நூலைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: அது எங்கள் பாய், அரண்மனை அதை வைத்துக்கொள்ளவில்லை. தொண்டை வரை வந்தது. திரும்பிப் போய்விட்டது.

"என்கிட்ட இருக்கிற பெரிய பன்றியைப் பிடிச்சுக்கிட்டுப் போயேன்," என்றார்.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா யாருக்காவது நீ பன்றி குடுத்திருக்கியா? நான் என்ன பிரபுவா?" என்று கேட்டுவிட்டு, கிலிஃபி பாயை மறுபுறம் திருப்பிப் போட்டார்.

கல்யாண நாள் வந்தது. சந்தையில் வாங்கிய புதுப் பாய் ஒன்றை லோசே மகளின் இடுப்பில் சுற்றினாள். அது அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு, பெண் மூச்சு விடும்போதெல்லாம் சரசரத்தது. வவாவுக்காரர்கள் மரியாதைக்காக முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சேய்னி அப்பாவைப் பார்க்கவே இல்லை. பாயை மெத்தைக்கு அடியிலிருந்து இழுத்த கை தன்னுடையது என்று செமிசிக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது.

அந்த நேரத்தில் கிலிஃபியும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். மனைவியின் தோளில் தேன் நிறப் பாய்.

"நல்ல பாய்தான்," என்று சபைக்குச் சொன்னார் கிலிஃபி. "என் முதுகுக்குத்தான் பழக்கமில்லை. செமிசி குடுத்த பாய் இளவரசர் அறையில இருக்கு, எல்லாருக்கும் தெரியும். இது அதோட ஜோடி. பொண்ணு கட்டிக்கட்டும்."

சபை "மாலோ" என்றது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா எழுந்து நன்றி சொல்ல வேண்டும். கிலிஃபி அவருக்குத் தப்பிக்க வழி விட்டுத்தான் இருந்தார். ஜோடி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். செமிசி எழுந்தார். தலையைக் குனிந்தார். இந்த முறை ஒத்திகை இல்லை.

"ஜோடியெல்லாம் இல்லை," என்றார். "அதேதான் இது. அரண்மனை வச்சுக்கலை. என் பாயும் இல்லை இது. லோசேயோடது. நான் எடுத்துக் குடுத்துட்டேன்." சொல்லிவிட்டு அழுதார். எங்கள் ஊரில் கல்யாணத்தில் ஆண்கள் அழுவது சகஜம். ஆனால் செமிசி அழுது யாரும் பார்த்ததில்லை. கிலிஃபியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லோசே சரசரத்த பாயை அவிழ்த்துவிட்டுத் தன் பாயை மகளுக்குச் சுற்றினாள். சிவப்பு நூல் முன்பக்கம் வரும்படி சுற்றினாள். பிறகு கணவரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அரண்மனை போயிட்டு வந்த பாய். இனிமே இது உங்களுக்கும் பிடிக்கும்."

செமிசி திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? போன வாரம் காவா வட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பேருக்காக நான் சொல்லலை. ஆனா அரண்மனை வரைக்கும் போயிட்டு வந்த பாயைக் கட்டிக்கிட்ட பொண்ணு இந்தத் தீவில வேற யாராவது உண்டா?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் பீரோவின் மேல்தட்டில், உறை பிரிக்காமல் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கிறதே, அது யார் வீட்டுக் கல்யாணத்துக்கு? மேலதிகாரி வீட்டுக்கா, எம்.எல்.ஏ. வீட்டுக்கா? அக்கா மகளுக்கு என்ன எடுத்து வைத்திருக்கிறீர்கள், சுவர்க் கடிகாரம்தானே? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது மெத்தை பள்ளமாக இருக்கிறது என்று சொன்னால் மட்டும், கொஞ்சம் எழுந்து போய்ப் பாருங்கள்.