இலை மிதந்த படமும் எழுந்திருக்காத ஆடும்

ஒரு காட்டில் ஒரு புலி படம் எடுத்தது. புலியா சிறுத்தையா என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. தப்பாகச் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். புலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறுத்தை வந்து கேட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

புலி தன் குகையிலேயே படத்தைப் போட்டது. வாசலில் 'அனுமதி இலவசம்' என்று பலகை. உள்ளே போகத்தான் இலவசம். வெளியே வருவதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை.

படத்தில் ஒரு குட்டை. குட்டையில் ஒரு பூவரச இலை மிதந்தது. வெகுநேரம் மிதந்தது. இடைவேளை விட்டார்கள். பிறகு அதே குட்டை, இலையைக் காணோம். படம் முடிந்துவிட்டது.

புலி ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

"எப்படி இருந்தது? மனசுல பட்டதைச் சொல்லிட்டுப் போங்க."

முயல் முந்திக்கொண்டது. "சூப்பர் சார்!"

"எது சூப்பர்?"

முயல் விழித்தது. புலி அதைத் தின்றுவிட்டது.

"ஒரு பாட்டாவது வெச்சிருக்கலாம் தலைவரே" என்றது குரங்கு. அதைப் புலி மெல்லக்கூட இல்லை, அப்படியே விழுங்கியது.

நரி தொண்டையைச் செருமியது. "இருத்தலின் வெறுமையைச் சொல்லும் மௌனப் படிமம்."

"நாலு வருஷம் எடுத்த படத்தை ஒரே வரியில அடக்கிட்டியா?" நரியும் உள்ளே போனது.

வெள்ளச்சி என்ற ஆடு கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் படத்தில் பட்டது ஒன்றுதான்: இலையைத் தின்றது யார்? பிற்பாதி முழுக்க அதே கவலை. ஆடாகப் பிறந்தால் சந்தேகம் தன்மேல்தானே விழும்? இதை வாசலில் போய்ச் சொல்ல முடியுமா?

அது எழுந்திருக்கவே இல்லை.

புலி எட்டிப் பார்த்தது. "நீங்க வரலையாம்மா?"

"படம் இன்னும் முடியலைங்களே."

"திரையையே சுருட்டியாச்சும்மா!"

"திரையில முடிஞ்சிருச்சுங்க. எனக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு."

புலியின் மீசை நடுங்கியது. கண் கலங்கியது. இப்படி ஒரு ரசிகையை அது கண்டதில்லை.

"எப்ப முடியும்மா?" என்று மெதுவாகக் கேட்டது.

"மெதுவான படமாச்சுங்களே."

அன்றிலிருந்து புலி தானே போய்ப் புல் அறுத்து வந்து, சத்தம் போடாமல் வைத்துவிட்டுப் போகிறது. பாதி முடிந்த படத்தைப் பற்றிக் கருத்துக் கேட்பது மரியாதை இல்லையாம். வெள்ளச்சி வெறும் சுவரைப் பார்த்து அசைபோடுகிறது. பார்த்துப் பார்த்து, இலை முழுகித்தான் போயிருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு நிம்மதி வந்துவிட்டது.

நீதி: படம் புரியாவிட்டால் எழுந்திருக்காதீர்கள், எழுந்தவர்களைத்தான் கேட்கிறார்கள். இந்த நீதி சரியா என்று என்னையும் கேட்காதீர்கள், கதை எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.