பெல்ட் இல்லாமல் ஓடிய மிஷின்

உலகத்து இயந்திரங்களுக்கெல்லாம் நாடி பிடித்துப் பார்க்கும் மகா வைத்தியரும், என் அக்காவின் ஒரே புத்திரனுமாகிய மருமகனுக்கு, அட்டைப்பெட்டிக் கம்பெனியின் நான்காம் மிஷினைக் கட்டி மேய்க்கும் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தை நலம். நானும் நலம், என் இடுப்பு தவிர. அதற்குக் காரணம் நீ.

போன மாதம் நீ வந்து ஒவ்வொரு மிஷினின் விலாவிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரைக் காந்தத்தால் ஒட்டிவிட்டு, "மாமா, அதிர்ந்தா பச்சை, அடங்கினா சிவப்பு, முதலாளி வீட்ல இருந்தே போன்ல பாத்துக்கலாம்" என்று அருள்வாக்குச் சொல்லிப் போனாய். அன்றே முதலாளியும் ஒரு வாக்குச் சொன்னார்: அதிகமாகச் சிவக்கும் மிஷின் பழைய இரும்புக்காரருக்கு, அதன் சூப்பர்வைசர் வீட்டுக்கு. எந்த வாயால் சொன்னாரோ, மறுநாளே என் மிஷினின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் ஏழு கடல் தாண்டி நீந்தி வந்துகொண்டிருக்கிறதாம். பெல்ட்டைக் கழற்றிய ஃபிட்டர், கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று உன் தீப்பெட்டியைப் பிடுங்கி, பக்கத்தில் வேறு இரும்பு கிடைக்காமல் என் நாற்காலியின் அடியில் ஒட்டிவிட்டான். நான் உட்கார்ந்தால் கால் ஆட்டுகிறவன் என்பது உனக்குத் தெரியும். "டேய், ஆட்டாதடா, பாக்கவே சகிக்கல" என்று உன் அம்மா திட்டித் திட்டியே தொண்டை கட்டிப்போனவள். அந்தக் கால்தான் இன்று இந்தக் கம்பெனியின் பெருமை.

மிஷின் பிணமாகக் கிடக்கிறது, போனில் பச்சைப்பசேலென்று ஓடுகிறது. சூட்டையும் உன் பெட்டி அளக்கிறதே, என் உட்காருமிடத்துச் சூட்டைப் பார்த்து "வெப்பநிலை மிகச் சீர்" என்று நற்சான்று வேறு கொடுக்கிறது. உண்மை தெரிந்தால் வேலை போய்விடும் என்று நானும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் டீ குடிக்க எழுந்தேன், உடனே முதலாளியின் போன்.

"நாலு நின்னுடுச்சே, என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார், டீ குடிக்க வந்தேன்."

"நீ டீ குடிக்கப் போனா மிஷின் ஏன்யா நிக்குது?"

"பாசம் சார்."

அதிலிருந்து டீ என் நாற்காலிக்கே வருகிறது. எழுந்தால் சிவப்பு, அசந்தால் சிவப்பு. சாப்பிடுவதும் ஆடிக்கொண்டே, குழம்பு பாதி சட்டையில். வீட்டிலும் பழக்கம் விடாமல் கட்டில் நகர்ந்து நகர்ந்து சமையலறை வாசலுக்குப் போய்விட்டது. "இந்த ஆளை வித்தாலும் இரும்புக்காரன் எடுக்க மாட்டான்" என்கிறாள் உன் அத்தை. ஆகவே, மேதையே, இந்த வாரமே வந்து உன் ஞானப்பெட்டிகளை ஒன்று விடாமல் பிடுங்கிக்கொண்டு போ. மிஷின் ஓடுகிறதா என்று காதால் கேட்டே கண்டுபிடித்துக்கொள்கிறோம்.

நீ ஓங்கி வளர்ந்து, உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருக்கும் பாக்கியம் பெற்று நீடூழி வாழ்க.

ஆட்டத்துடன்,
உன் மாமன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போடு, வராதே. இன்று பெல்ட் வந்தது, மாட்டினோம், உன் பெட்டியையும் மிஷினிலேயே ஒட்டினோம். மிஷின் நிஜமாகவே ஓடியது. அரை மணியில் போனில் செய்தி: "நான்காம் மிஷினின் திறன் பாதியாகக் குறைந்தது." முதலாளி இரும்புக்காரரைக் கூப்பிடப் போனார். பெட்டியை நாற்காலிக்கே மாற்றிவிட்டேன், இப்போது பச்சை. மூன்றாம் மிஷின்காரரும் வந்து கெஞ்சுகிறார், அவருடையதற்கு மோட்டார் போய்விட்டதாம். அவர் பெட்டியின் காந்தம் உடைந்துவிட்டது, ஒரு நல்ல காந்தம் அனுப்பி வை. எனக்கு இடது கால் சும்மாதான் இருக்கிறது.