செலக்‌ஷன் அண்ணன் போட்ட இரண்டு ஸ்டார்

மனிதர்களைத் தவறாக எடை போடுவதில் செலக்‌ஷன் அண்ணனை மிஞ்ச ஜெர்மனியில் ஆள் கிடையாது. இந்தியாவிலும் இருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவில் நாலைந்து பேர் இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்வார். அவர்களைப் பற்றிப் படிப்பதுதான் அவருடைய முழுநேர வேலை. டார்ம்ஸ்டாட்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்வது பகுதிநேரம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் ஹாஸ்டலில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் அறைக் கதவில் முன்பு குடியிருந்த ஜெர்மானியரின் பெயர்தான் ஒட்டியிருந்தது. தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "யா" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்.

நான் 2003ஆம் வருடம் அக்டோபர் மாதத்தில், ஊசியாகத் தூறிக்கொண்டிருந்த ஒரு மதியம், டார்ம்ஸ்டாட் ரயில் நிலையத்தில் போய் இறங்கினேன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் அப்பா அம்மாவுக்குப் பிறந்து, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்தவள் நான். மாவட்டத்தில் முதல் மதிப்பெண். ஜெர்மனியே எழுந்து நிற்க வேண்டும் என்ற நினைப்பில்தான் வண்டியை விட்டு இறங்கினேன். நடைமேடையில் நின்றது ஒரே ஓர் ஆள். ஒல்லி, பழுப்பு ஜெர்கின், வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடை. பெட்டியைத் தூக்க உதவுவார் என்று நினைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, நான் தூக்குவதை வேடிக்கை பார்த்தார்.

"அம்மணி, பொட்டியை ஒடம்போட சேத்துப் புடிக்கோணும். நீ தள்ளிப் புடிக்கறே. இடுப்புல பலமில்லே."

"நீங்க யாருண்ணே?"

"ரெண்டு ஸ்டார்" என்றார், பதிலுக்கு. அப்புறம்தான் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு ஸ்டாரின் பொருள் டிராமில் போகும்போது தெரிந்தது. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் முடிக்கும் பேஸ்கட்பால் பையன்களைக் கல்லூரிகள் போட்டி போட்டுக் கூட்டிக்கொண்டு போகுமாம். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். எந்தப் பையன் தேறுவான் என்று முன்கூட்டியே சொல்வதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களாம். ஒன்றிலிருந்து ஐந்து ஸ்டார் வரை போடுவார்களாம். செலக்‌ஷன் அண்ணன் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு மாணவரையும் ஸ்டேஷனிலேயே பார்த்து ஸ்டார் போட்டுவிடுவார். ஐந்து ஸ்டார் வாங்கினால் அவர் அறை மெத்தையும் மட்டன் குழம்பும் கிடைக்கும். இரண்டு ஸ்டாருக்கு டிராம் டிக்கெட் எங்கே எடுப்பது என்று சொல்வார். அவ்வளவுதான்.

"நான் மாவட்டத்துல ஃபர்ஸ்ட்டுண்ணே" என்றேன்.

"இப்பத்திக்கு ரெண்டு. நாலு வருஷம் ஆகட்டும், ரீவேல்யுவேஷன் பண்ணிக்கலாம்."

அதுதான் அவருடைய சட்டம். நாலு வருடம் ஆகாமல் யாரைப் பற்றியும் இறுதித் தீர்ப்பு கிடையாது. ஒவ்வொரு செப்டம்பரும், புது ஆட்கள் வருவதற்கு முன்னால், ஹாஸ்டலின் பொதுச் சமையலறையில் சாம்பார் வைத்துவிட்டு, நாலு வருடத்துக்கு முன் வந்தவர்களின் கணக்கை வாயாலேயே தீர்ப்பார். எதையும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் தலைக்குள். "அஞ்சு ஸ்டார் போட்டேன், பான் ஊர்ல ஒரு பொண்ணு பின்னால போயிட்டான். கோட்டை விட்டேன். ஒரு ஸ்டார் போட்டேன், வால்டோர்ஃப்ல வேலை, கார் வாங்கிட்டான். அதும் கோட்டை." சொல்லச் சொல்ல முகம் வாடும். சாம்பாரும் அப்படியே ஆறிப்போகும்.

அமெரிக்கப் பையன்களுக்கும் அதே விசாரணைதான். கணினி அறையில் உட்கார்ந்து, ஐந்து வருடத்துக்கு முந்தைய ஸ்டார் பட்டியலைத் தேடி எடுத்து, யார் என்ன ஆனான் என்று ஒவ்வொருவனாகத் துரத்துவார். ஒரு மேட்ச் கூட அவர் பார்த்து நான் அறியேன்.

"மேட்சை எவன் பாப்பான் அம்மணி? அது முடிஞ்சுருது. இந்தப் பையனைப் பாரு, அஞ்சு ஸ்டாரு. இப்ப டயர் கடையில நிக்கறான். இவனை நம்பி ஒரு காலேஜு சீட்டுக் குடுத்திருக்குது. அப்பறம் என்ன ஆனான்னு யாராச்சும் ஒருத்தன் பாக்க வேண்டாமா?"

அவர் குரல் அந்த இடத்தில் மட்டும் இறங்கும். காரணம் ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அறிமுகமான பத்தாவது நிமிடம் எல்லாரிடமும் சொல்லிவிடுவார். கோபிப் பக்கத்து கிராமத்துப் பையன் அவர். கோயம்புத்தூரில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி, பேஸ்கட்பால் ஆடுவதற்காக ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவருக்கு சீட் கொடுத்தது. சேர்ந்த இரண்டாம் மாதம் முழங்கால் போய்விட்டது. நாலு வருடமும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். கடைசி நாளில், அவரைத் தேர்ந்தெடுத்த பி.டி. சார் அவரைப் பார்த்து, "உனக்குக் குடுத்த சீட்டு வீணாப் போச்சுடா" என்றாராம்.

அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டுதான் அவர் ஜெர்மனி வந்தார். அதே பி.டி. சார் வாயால் அதை மாற்றிச் சொல்ல வைக்க வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு வேறு விண்ணப்பம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வேறு விண்ணப்பங்களையும், ஆய்வேடு உட்பட, அவர் நேரத்துக்குக் கொடுத்ததில்லை.

நகரத்து ஹாஸ்டல்களுக்கு இடையில் கோடையில் ஒரு பேஸ்கட்பால் போட்டி நடக்கும். அதற்கு எங்கள் டீமைத் தேர்ந்தெடுப்பவர் செலக்‌ஷன் அண்ணன். நான் வந்த அடுத்த வருடம் சிவா என்ற சென்னைப் பையன் வந்தான், ஆறடி நாலங்குலம். வருவதற்கு முன்பே, மாநில அளவில் விளையாடியவன் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தான். அண்ணன் மகிழ்ச்சியில் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஐந்து ஸ்டார், மெத்தை, மட்டன். மூன்றாம் நாள் பந்தைக் கையில் கொடுத்தபோது சிவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது? நான் செஸ் பிளேயர்ணா" என்றான்.

"செஸ்ஸுக்கு என்னத்துக்குடா இந்த ஒசரம்?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெத்தையைத் திருப்பிக் கேட்கவில்லை. ஸ்டாரைக் குறைக்கவும் இல்லை. நாலு வருடம் ஆகவில்லையே.

ஒவ்வொரு டீமிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. ஹாஸ்டலில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் நான். இரண்டு ஸ்டாரோடு டீமில் சேர்ந்தேன்.

பயிற்சிதான் பெரிய துக்கம். எல்லாருக்கும் ஒழிகிற நாள் ஞாயிறு ஒன்றுதான். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. முதல் வாரம் நாங்கள் பந்தை மூன்று தட்டு தட்டியதும் எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் திறந்தது. ஒரு வயதான அம்மாள் வாரத்தின் ஏழு நாட்களையும் விரல் விட்டு எண்ணி, கடைசி விரலை எங்களை நோக்கி ஆட்டினார். அதற்கப்புறம் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார்: பந்தைத் தரையில் தட்டாமலே பயிற்சி. பிடிப்போம், எறிவோம், ஓடுவோம். ஆஸ்பத்திரி வராண்டாவில் விளையாடுவது போல இருக்கும். பேஸ்கட்பாலைத் தரையில் தட்டத் தெரியாத ஒரே பேஸ்கட்பால் டீம் உலகத்தில் எங்களுடையதுதான்.

ஸ்டேஷன் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணை இதை ஒரு ஞாயிறு வந்து பார்த்தார். "என்ன தம்பி, ஆரும் செத்த வீடே? ஏன் இப்பிடிச் சத்தமில்லாமல் விளையாடுறியள்?" என்றார். என் பக்கம் திரும்பி, "பிள்ளை, உவர் உன்னை எத்தினை ஸ்டார் எண்டு சொன்னவர்?" என்று கேட்டார்.

"ரெண்டுண்ணே."

"எனக்கு ஒண்டு. என்ரை கடைப் புளியைச் சாப்பிட்டுக்கொண்டே போட்டவர். நீ என்னை விட மேலை, யோசிக்காதை."

ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஒவ்வொரு வருடமும் அண்ணன் எங்களைத் திட்டாமல், தன்னையே திட்டிக்கொண்டு, தனியாக நடந்து போவார். மழை பெய்தால் இன்னும் மெதுவாக நடப்பார்.

2007 கோடையில் அந்தச் செய்தி வந்தது. பி.டி. சாரின் மகன் வால்டோர்ஃபில் மென்பொருள் வேலையில் இருக்கிறார், சார் மகனைப் பார்க்க வருகிறார் என்று. எங்கள் ஆட்டத்தன்று கூட்டி வருவதாக மகன் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். அண்ணன் அன்றே தாடியை எடுத்தார். தாடிக்குள் இவ்வளவு சின்ன முகம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அம்மணி, ஜெயிக்க வேண்டாம். நான் எடுத்த ஆளுக நல்ல ஆளுகன்னு அவர் கண்ணுல பட்டாப் போதும். அப்பறம் அவரே சொல்லிருவாரு" என்றார். எங்களிடம் அவர் எதையும் கெஞ்சிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பி.டி. சார் ஜூலை மாதத்தில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து காபி குடித்தார். நாங்கள் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தோம். எதிரணி பந்தைத் தட்டித் தட்டி எங்களைக் கடந்து போனது. சிவா ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் யோசித்து, அருமையான ஒரு முடிவுக்கு வந்து நிமிர்வான். பந்து அதற்குள் எங்கள் வளையத்துக்குள் விழுந்திருக்கும்.

கடைசியில் ஒரு பந்து என் கைக்கு வந்தது. தட்டத் தெரியாததால் நின்ற இடத்திலிருந்தே எறிந்தேன். உப்பு மூட்டை ஏற்றுகிறவர்களின் மகள். கை அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது. பி.டி. சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். நாங்கள் பின்னால் நின்றோம்.

"அந்தப் பொண்ணை எங்கப்பா புடிச்சே?"

"ஸ்டேஷன்லதானுங் சார். ரெண்டு ஸ்டார் போட்டிருக்கறனுங்."

"ரெண்டா? உனக்குக் கண்ணே இல்லியேப்பா!" சார் சிரித்தார். "ஆமா, நீ எந்த பேட்ச்சு?"

அண்ணன் வருடத்தைச் சொன்னார். ஊரைச் சொன்னார். எந்த முழங்கால் என்று குனிந்து காட்டினார். சார் குல்லாயைத் தூக்கி நெற்றியைச் சொறிந்தார். ஞாபகம் வரவில்லை.

"சார், கடைசி நாள்ல நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. எனக்குக் குடுத்த சீட்டு வீணாப் போச்சுன்னு."

"அதுவா! முட்டி போனவன் எல்லார்கிட்டயும் அதைச் சொல்லுவேனப்பா. ரோஷம் வந்தா படிப்பானுங்கன்னு." சார் கார் கதவைத் திறந்துகொண்டே கேட்டார். "இப்ப என்ன பண்றே?"

"டாக்டரேட்டுங் சார்."

"அப்பறம் என்ன? சீட்டு ஒண்ணும் வீணாப் போகலே. நல்லா இரு." கதவு சாத்திக்கொண்டது.

இத்தனை வருடம் அவர் காத்திருந்த வார்த்தை அதுதான். வந்துவிட்டது. நான் ஓடிப்போய், "அண்ணே! சொல்லிட்டாரு! உங்க ரீவேல்யுவேஷன் முடிஞ்சிருச்சு!" என்றேன். கார் போன திசையைப் பார்த்துக்கொண்டே அவர் தலையை ஆட்டினார்.

"பேப்பரைப் பாக்காம மார்க்குப் போட்டா அது செல்லாது அம்மணி."

அந்த வருடம் செப்டம்பரில் சாம்பார் வைக்கவில்லை. அவருடைய பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவருக்கு அண்ணனின் ஆய்வு எதைப் பற்றியது என்று புரியவில்லை. அண்ணன் விளக்கவும் முயலவில்லை. விசா நீட்டிப்பு கிடைக்கவில்லை. பட்டம் வாங்காமலே ஊருக்குக் கிளம்பினார். கதவிலிருந்த அந்த ஜெர்மானியரின் பெயரை அப்படியே அடுத்தவருக்கு விட்டுப் போனார்.

ஸ்டேஷனுக்கு நானும் சிவாவும் போனோம். அதே தூறல், அதே நடைமேடை. அவர் பெட்டியை நான்தான் தூக்கினேன். வேண்டுமென்றே உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"எனக்கு நாலு வருசம் ஆயிருச்சுண்ணே. என் கணக்கைத் தீத்துட்டுப் போங்க."

பெட்டியை நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார். நான் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, பானில் வேலை வாங்கியிருந்தது அவருக்குத் தெரியும். ஊரில் அப்பா இப்போது வெயிலில் நிற்பதில்லை என்பதும் தெரியும்.

"அதே தப்பாத்தான் தூக்கறே" என்றார். "அமெரிக்காவுல அஞ்சு ஸ்டார் போட்டுக் கெட்டவனை எல்லாரும் பேசுவாங்க. ரெண்டு போட்டு உட்டுட்டு, பின்னால நாம தலையில அடிச்சுக்கற மாதிரி வளர்ற ஆளு ஒண்ணு இருக்கும் பாரு, அதுதான் பெரிய கோட்டை. நான் உட்டதுலயே பெரிய கோட்டை நீதான் அம்மணி."

சிவா உடனே, "அண்ணா, எனக்கு?" என்றான்.

"உனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குது. போய்ப் பந்தைத் தட்டக் கத்துக்க."

ரயில் வந்தது. ஏறுவதற்கு அவருக்கு அந்த முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கை கொடுத்தேன். "உங்களுக்கு நான் ஸ்டார் போடலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"இப்பப் போடாதே" என்றார் அவசரமாக. "நாலு வருஷம் ஆகட்டும்."

இப்போது கோபியில் தம்பியின் லாரி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி. நான் அக்டோபர் மாதங்களில் பான் ரயில் நிலையத்துக்குப் போகிறேன். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டி தூக்குவதைக் கவனிக்கிறேன். வாயைத் திறப்பதில்லை, டிராம் டிக்கெட் எங்கே எடுப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் போய் இரண்டு வருடம்தான் ஆகிறது. அவருடைய சட்டப்படி இன்னும் இரண்டு வருடம் அவரைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. சொல்லாமல் இருப்பது எனக்குத்தான் சிரமமாக இருக்கிறது.