மானுக்கு ஒரு துவக்கு

"நீ வேட்டைக்குப் போவாயா?" என்று போர்மன் கோர்டன் கேட்டபோது இக்னேசியசின் வாயில் பாதி இடியப்பம் இருந்தது. அதை விழுங்குவதற்கு முன்பே தலை தானாக மேலும் கீழும் ஆடிவிட்டது.

தலையைக் குறை சொல்லிப் பயனில்லை. கனடாவுக்கு வந்த ஆறு வருஷத்தில் போர்மன்மார் கேட்ட எந்தக் கேள்விக்கும் அது 'இல்லை' என்று ஆடியதில்லை. போர்க்லிப்ற் ஓடத் தெரியுமா? ஓம். வெல்டிங் தெரியுமா? ஓம். சனிக்கிழமையும் வருவாயா? ஓம். முதலில் ஓம் என்று சொல்வது, பிறகு பழகிக்கொள்வது. இதுவரை எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

"ஒவ்வொரு வருஷமுமா?"

"ஒவ்வொரு வருஷமும்."

"நவம்பரில், மானுக்கு?"

"மானுக்குத்தான்," என்றான் இக்னேசியஸ். யாழ்ப்பாணத்து மண்டைதீவில் பிறந்தவன். வேட்டை என்று அவன் அறிந்தது நண்டுக்கு வலை வைத்ததை மட்டும்தான்.

கோர்டனின் முகம் சுருங்கியது. கையிலிருந்த பட்டியலில் எதையோ வெட்டுவது போலக் கீறினார். பெருமூச்சு விட்டார். போய்விட்டார்.

அந்தப் பட்டியல் எதற்கென்று பிறம்ரனிலிருந்த அந்த யன்னல் தொழிற்சாலை முழுவதற்கும் தெரியும். பகல் ஷிப்ற்றுக்கு, லைனில் நிற்பவர்களை நடத்த, ஒரு லீட்ஹாண்ட் தேவை. மற்றவர்களுக்கு அதில் பெரிய சொல் 'லீட்ஹாண்ட்'. இக்னேசியசுக்குப் பெரிய சொல் 'பகல்'.

அவன் பின்னேர ஷிப்ற். மனைவி வேரோனிக்கா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் காலை வேலை. அவள் ஆறு மணிக்கு வெளிக்கிடும்போது அவன் நித்திரை. அவள் திரும்பி வரும்போது அவன் வீடிருந்த மில்லிக்கனிலிருந்து புறப்பட்டு நெடுஞ்சாலையில் நிற்பான். கல்யாணம் செய்து ஐந்து வருஷம், அதில் நாலு வருஷக் குடும்பம் பிறிஜ் கதவில்தான் நடந்தது. 'மீன் குழம்பு இருக்கு.' 'பால் முடிஞ்சுது.' 'இண்டைக்கு எங்கடை கலியாண நாள்.' எல்லாம் துண்டுக் கடதாசிதான். மனைவியின் குரலைவிட அவளுடைய கையெழுத்துத்தான் அவனுக்கு நல்ல பழக்கம். ஒரு நாளைக்காவது அவளோடு முகம் பார்த்து இரவுச் சாப்பாடு சாப்பிடவேண்டும் என்று அவனுக்குப் பெரிய ஏக்கம் இருந்தது.

கோர்டனுடைய அறைச் சுவரில் கொம்போடு ஒரு மான் தலை இருந்தது. பகல் ஷிப்ற்காரர் எல்லோரும் நவம்பர் வந்தால் வேட்டைக்குப் போடும் செம்மஞ்சள் தொப்பியோடு திரிவார்கள். இக்னேசியஸ் கணக்குப் போட்டான். மான் சுடுகிறவன்தான் பகல் ஆள். கோர்டன் பெருமூச்சு விட்டாரென்றால் அவன் சொன்னதை நம்பவில்லை. நம்பவைக்க வேண்டும். அதற்கு முதலில் ஒரு துவக்கு வேண்டும்.

யோசனை கேட்கப் பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் அண்ணையிடம் போனான். எந்தக் கார் நல்லது, எந்த லோயர் கெட்டிக்காரன், எந்தக் கிழமை புல்லுக்குப் பசளை போடவேண்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வாழ்க்கையில் தொட்ட ஒரே ஆயுதம் தேங்காய் துருவலை. அது அவருடைய தன்னம்பிக்கையை எந்த வகையிலும் பாதிக்கவில்லை.

"செமி ஒட்டோமற்றிக் எடும் தம்பி. ஒவ்வொரு வெடிக்கும் கையாலை இழுத்து இழுத்து ஆர் மாயிறது? கார்கூட இப்ப ஒட்டோமற்றிக்தானே."

"அப்ப முழு ஒட்டோமற்றிக் எடுத்தால் என்னண்ணை?"

"அதைக் கேட்டால் உம்மை முழுசாய்ப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள். பாதியோடை நில்லும்."

மறுநாள் இருவரும் துவக்குக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் றொஸ், வெள்ளைத் தாடி வைத்த பொறுமைசாலி.

"எதைச் சுடப்போகிறாய்? கடதாசி இலக்கையா, மானையா?"

"ரெண்டையும்."

"அங்கேதான் சிக்கல். கடதாசியைச் சுடுகிறவன் ஓரிடத்தில் நிற்கிறவன். துவக்கு கனமாக இருந்தால் ஆடாது. மானைத் தேடுகிறவன் நாள் முழுக்கச் சுமந்து நடக்கிறவன். அவனுக்கு இலேசாக இருக்கவேண்டும்."

"கனமாயும் இலேசாயும் ஒண்டு இல்லையோ எண்டு கேளும்," என்றார் சண்முகநாதன்.

இக்னேசியஸ் கேட்டான். றொஸ் தாடியைத் தடவிவிட்டு மூன்று துவக்குகளை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது மெல்லியது. கடதாசிக்கு அருமை, தோட்டாவும் மலிவு. ஆனால் அவ்வளவு சின்னத் தோட்டாவால் மானைச் சுட இந்த மாகாணத்தில் தடை. காயப்பட்ட மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும் என்றார் றொஸ். அதைச் சொல்லும்போது அவருக்கே மனம் வருந்தியது தெரிந்தது.

இரண்டாவது முழுக் கறுப்பு, பிளாஸ்ரிக் பிடி. சண்முகநாதனுக்கு அதில் ஒரே காதல். "இதுதான் தம்பி, பாத்தாலே ஒரு மரியாதை வருது."

இக்னேசியஸ் ஓரடி பின்னுக்குப் போனான். அந்த வடிவம் அவனுக்குத் தெரியும். ஊரில் பலமுறை பார்த்திருக்கிறான், ஆனால் எப்போதும் முன்பக்கத்திலிருந்து. "அதை உள்ளுக்கு வையுங்கோ," என்று தமிழிலேயே சொன்னான். றொசுக்கு விளங்கியது. உள்ளே வைத்துவிட்டார்.

மூன்றாவது மரப்பிடி போட்ட செமி ஒட்டோமற்றிக். தோளில் அடிக்கும் அடி குறைவு, இரண்டாவது வெடிக்குக் கண்ணை எடுக்கத் தேவையில்லை. இலக்குச் சுடுவதில் பரிசு வாங்கித்தராது, ஆனால் மானம் போகாது. ஒரே ஒரு நிபந்தனை, ஒழுங்காகத் துடைத்து வைக்கவேண்டும், இல்லையென்றால் இறுகிக்கொள்ளும். தோட்டா ஐந்து போடலாம்.

"அஞ்சுதானோ?"

"சட்டம் அப்படி. ஐந்திலும் படவில்லையென்றால் மான் வென்றுவிட்டது. நீ வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"உறை சும்மா தருவாரோ எண்டு கேளும்," என்றார் சண்முகநாதன். "வேறை நிறம் இருக்கோ எண்டும் கேளும்."

றொஸ் அதைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இக்னேசியஸ் அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினான். கனமும் இல்லை, இலேசும் இல்லை. தோளில் சரியாக வந்து இருந்தது.

"உனக்கென்றே செய்ததுபோல இருக்கிறது," என்றார் றொஸ். "லைசென்ஸைத் தா."

அப்போதுதான் அப்படியொரு பொருள் இருப்பதே தெரியவந்தது. றொஸ் நீளமான விண்ணப்பப் போம் ஒன்றைத் தந்தார். பாதுகாப்பு வகுப்பு, படம், அவனைத் தெரிந்த இரண்டு பேர், பிறகு மனைவியின் கையெழுத்து. எல்லாம் கொடுத்தபின் இருபத்தெட்டு நாள் காத்திருப்பு.

"மனுசியின்ரை கையெழுத்துமோ?"

"அதிலேயே கஷ்டமானது அதுதான்," என்றார் றொஸ். அனுபவஸ்தர் என்று தெரிந்தது.

இக்னேசியசுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. வகுப்புக்குப் போய்ச் சோதனையும் பாஸ் பண்ணியபின், போமை மடித்து, கையெழுத்து வைக்குமிடம் மட்டும் தெரியப் பிறிஜ்ஜில் ஒட்டினான். பிறிஜ்ஜில் ஒட்டியதை வாசிக்காமல் கையெழுத்து வைப்பது அந்த வீட்டு வழக்கம். அடுத்த நாள் கையெழுத்து இருந்தது, பக்கத்தில் 'தக்காளி வாங்கவும்' என்றும் இருந்தது.

இதற்கிடையில் துவக்குப் படங்கள் போட்ட கற்றலொக்கைத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறை மேசையில், அந்த மரப்பிடித் துவக்கின் பக்கம் மேலே தெரிய வைத்துவிட்டுக் காத்திருந்தான். கோர்டன் வந்தார். பார்த்தார்.

"வாங்கப்போகிறாயா?"

"நவம்பருக்கு முதல் வந்திடும்."

"நல்ல துவக்கு," என்றார் கோர்டன், செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கும் குரலில்.

இன்னும் நம்பவில்லை என்று இக்னேசியஸ் முடிவு செய்தான். அடுத்த நாள் தலையில் செம்மஞ்சள் தொப்பியும் ஏறியது. அதைக் கண்ட கோர்டன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

பிறகு பொலிஸ் விசாரணைக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கியது.

முதல் அழைப்பு மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தும் அருள்நாயகத்துக்கு. தெரிந்தவர் என்று இக்னேசியஸ் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தான். எதற்கென்று மட்டும் சொல்ல மறந்துபோனான். பொலிஸ், துவக்கு, இக்னேசியஸ் என்ற மூன்று சொல்லும் ஒரே வசனத்தில் வந்ததும், அகதி விசாரணையில் சொல்லிப் பழகிய எல்லாம் அருள்நாயகத்தின் வாயில் வரிசையாக வந்தன. "இக்னேசியசுக்கும் ஆயுதத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர் துவக்கைத் தொட்டதே இல்லை. தொடவும் மாட்டார். சத்தியமாய்ச் சொல்லுறன்."

"அப்படியென்றால் அவருக்கு ஏன் லைசென்ஸ்?" என்றாள் பொலிஸ்காரி.

அருள்நாயகம் தொலைபேசியை வைத்துவிட்டு வேறு ஐந்து பேருக்கு எடுத்தார். அந்தக் கிழமைக்குள் மில்லிக்கன் தொடங்கி ரூஜ் வரை செய்தி போய்ச் சேர்ந்தது. இக்னேசியசிடம் இரவல் வாங்கி இரண்டு கோடையாகத் திருப்பித் தராத புல்லு வெட்டும் மெஷினை அன்புராசா கழுவித் துடைத்து, பெற்றோலும் நிரப்பி, வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போனான்.

இரண்டாவது அழைப்பு வேரோனிக்காவுக்கு. புதன்கிழமை பிறிஜ்ஜில் ஒரே வரி இருந்தது.

'துவக்கு ஆருக்கு?'

இக்னேசியஸ் கீழே எழுதினான்: 'மானுக்கு.'

வியாழக்கிழமை: 'மான் உங்களுக்கு என்ன செய்தது?'

வெள்ளிக்கிழமை அவன் எழுதினான்: 'நேரிலை சொல்லுறன்.' நேரில் என்றால் ஞாயிறு.

அதற்கு முதல் சனிக்கிழமை வந்தது. வாங்க முதல் ஒருதரம் சுட்டுப் பழகட்டும் என்று றொஸ் அவனை நகரத்துக்கு வடக்கே தன்னுடைய துவக்குச் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனார். மேசையில் துவக்கை மணல் மூட்டையில் சாய்த்து, காதை மூடி, மூச்சை அடக்கி, விசையை அழுத்தச் சொன்னார். இக்னேசியஸ் அழுத்தினான்.

வெடி அவனுடைய கடதாசியில் படவில்லை, பக்கத்து மனிதருடைய கடதாசியில் பட்டிருந்தது. அதைப் பார்க்க இக்னேசியஸ் கதிரையில் இல்லை. சத்தம் கேட்டதும் அவனுடைய உடம்பு அவனைக் கேளாமலே மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டது. சுட்டது தான்தான் என்பது உடம்புக்குத் தெரியவில்லை.

றொஸ் முதலில் துவக்கைப் பத்திரப்படுத்தினார். பிறகு முழங்காலில் குனிந்தார்.

"எந்த ஊர் நீ?"

"யாழ்ப்பாணம்."

றொஸ் தலையாட்டினார். அவனை எழுப்பி, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டி, ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்தார். "துவக்கு நல்லது. நீயும் நல்லவன். உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைக்காமல் விடுவதுதான் நல்லது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காரில் இருவரும் தனியாக இருந்தார்கள். கோயிலில் அவர்கள் இருந்த நீள வாங்கிலில் வேறு ஒருவரும் உட்காரவில்லை.

"பொலிஸ்காரி இங்கிலீசிலை ஏதோ கேட்டா," என்றாள் வேரோனிக்கா. "நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"என்ன கேட்டவ?"

"வீட்டிலை துவக்கு வந்தால் உங்களுக்குப் பயமோ எண்டுதான் கேட்டவ. பிறகுதான் விளங்கினது." கொஞ்சம் யோசித்தாள். "விளங்கியிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

இக்னேசியஸ் எல்லாவற்றையும் சொன்னான். இடியப்பத்திலிருந்து மேசைக்குக் கீழே படுத்தது வரை. "பகல் ஷிப்ற் கிடைச்சால் உம்மோடை இருந்து சாப்பிடலாமெண்டுதான். உம்மடை எழுத்தைப் பாத்துப் பாத்து எனக்குப் போதுமெண்டு போச்சு."

வேரோனிக்காவுக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. "அதுக்கு ஒரு மானைச் சாக்கொல்ல வேணுமே? நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ. கிடைச்சால் கிடைக்கட்டும். இல்லாட்டில் பிறிஜ் இருக்குத்தானே."

திங்கட்கிழமை கோர்டன் அறிவிப்புப் பலகையில் ஒரு கடதாசியைக் குத்திக்கொண்டு நின்றார். லீட்ஹாண்ட் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் தேவை என்று இருந்தது. இக்னேசியஸ் அதை இரண்டு தரம் வாசித்தான். ஆனாலும் செம்மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மிஸ்டர் கோர்டன், நான் பொய் சொன்னனான். நான் வேட்டைக்குப் போறேல்லை. ஒருநாளும் போகேல்லை. துவக்கும் வாங்கேல்லை. எனக்கு அந்தச் சத்தமே ஆகாது."

கோர்டன் மெதுவாகத் திரும்பினார்.

"நவம்பர் முதலாம் கிழமை எங்கே இருப்பாய்?"

"இஞ்சைதான். வேலையிலை."

"இரண்டாம் கிழமை?"

"அதுவும் இஞ்சைதான்."

"அடுத்த வருஷம்?"

"ஒவ்வொரு வருஷமும்," என்றான் இக்னேசியஸ். இந்த முறை அது உண்மையாக இருந்தது.

கோர்டன் பலகையில் குத்திய கடதாசியைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். பிறகு பக்கத்திலிருந்த பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்தார். பல நாளாக நித்திரை கொள்ளாத மனிதரைப்போல இருந்தார்.

"நான் உட்பட இந்தப் பகல் ஷிப்ற்றில் இருக்கிற அத்தனை பேரும் நவம்பரில் காட்டுக்குள் போய்விடுவோம். மூன்று வருஷமாக நான் தேடுவது மான் பக்கமே போகாத ஒரேயொரு லீட்ஹாண்டைத்தான்."