ஏலிக்குட்டிகள் இருவர்

இந்த முறை எங்கள் தொகுதியின் எம்.எல்.ஏ.வை நான் ஒருவனே தீர்மானிப்பது என்று முடிவு செய்தேன். மீனச்சில் ஆற்றங்கரையில் எவர் ஜெயித்தாலும் மயிரிழையில்தான் ஜெயிப்பார். எங்கள் வேட்பாளர் பாபிச்சன் வென்றால் எனக்குப் பஞ்சாயத்து சீட் என்று கட்சி வாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் எதிர்த்து நின்றவர் ஏலிக்குட்டி சாக்கோ டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர், மீதிப் பேரை முட்டிபோட வைத்தவர்.

பெயரைக் கேட்டதும் துள்ளினேன். நான் சாக்கோ. என் மனைவி ஏலிக்குட்டி. அதே பெயரில் இன்னொருவரை நிறுத்தி ஓட்டைக் குழப்புவது எங்கள் கேரளத்தில் பழைய வித்தை. 'அபரன்' என்று அதற்குப் பெயரே உண்டு. அபரனைத் தேடி மற்றவர்கள் ஊர் ஊராக அலைவார்கள். என்னுடையதோ அடுக்களையில் கப்பைக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தது.

டீச்சரும் அவளும் மாதா கோயிலில் ஒரே பாட்டுக்குழு. ஆகவே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு யோசித்தாள்.

"போஸ்டர்ல என் படம் வருமா, இச்சாயா?"

"வரும் ஏலி. கலர்ல."

"வீடு வீடாப் போய்ப் பேசலாமா?"

"பேசியே ஆகணும். நீ எவ்வளவு பேசறியோ அவ்வளவு நமக்கு லாபம்."

"கல்யாணமானதுலேருந்து என்னைப் பேசச் சொன்னது இதான் முதல் தடவை," என்றாள்.

ஏலியின் முதலெழுத்தில் காலை ஒடித்தால் எலி. எலி தானாகவே பொறிக்குள் போகிறது என்று பூரித்துப்போனேன்.

அவளுக்குப் பலாப்பழச் சின்னம் கிடைத்தது. ஆட்டோவில் நிஜப் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு தொகுதியையே சுற்றினாள். பாபிச்சன் என்னைக் கட்டிப்பிடித்து, மூளை என்றால் சாக்கோவின் மூளை என்றார். வாக்குப்பதிவுக்கு முதல் நாள்தான் டீக்கடை ஔதா, என் மனைவி வீட்டுக்கு வீடு என்ன பேசினாள் என்று அப்படியே சொல்லிக் காட்டினான்:

"நான்தான் போலி ஏலிக்குட்டி. மூஞ்சியை நல்லாப் பாத்துக்குங்க. பலாப்பழத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க, பிசின் ஒட்டும்."

வீட்டுக்கு ஓடினேன். தாண்டிக் குதித்தேன். அவளோ முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எனக்கே டீச்சருக்குப் போடத்தான் மனசு. அப்புறம் எனக்கு யாரு போடுவா? பூஜ்யம்னு டிவில காட்டுவான். பெண்டாட்டிக்குப் புருஷன்கூடப் போடலையேன்னு ஊரே சிரிக்கும். அது எனக்கா இச்சாயா அவமானம்?"

எனக்கு மனது இளகிவிட்டது. ஒரு ஓட்டில் பாபிச்சன் என்ன முழுகியா போவார்? பலாப்பழத்தை அமுக்கினேன்.

திருப்பித் திருப்பி எண்ணினார்கள். டீச்சர் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். என் ஓட்டு பாபிச்சனுக்கு விழுந்திருந்தால் சமன், அப்புறம் குலுக்கல். திறந்த ஜீப்பில் டீச்சருக்குப் பக்கத்தில் மாலையோடு நின்று ஊருக்கே லட்டு வீசினாள் என் மனைவி. உள்ளதைச் சொன்னால், அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு லட்டு வந்து நெற்றியில் பட்டது.

பலாப்பழத்துக்கு விழுந்தது ஒற்றை ஓட்டு. அதைப் போட்ட துரோகியைக் கண்டுபிடிக்க எங்கள் கட்சி விசாரணைக் கமிஷன் அமைத்திருக்கிறது. தலைவர் நான்தான். முதல் சாட்சி என் மனைவி.

அவள் வாக்குமூலம் கொடுக்கும்வரை வீட்டில் மீன் கழுவுவது தலைவரின் பொறுப்பு.